தேன்பெட்டி செய்வதும் ஆராய்ச்சியா?

குமரி மாவட்டத்தில், குழித்துறையிலிருந்து உள்ளே போகும் சாலையில் எங்கள் ரப்பர் விளை. மரங்களுக்கு நடுவே நாலைந்து தேன்பெட்டிகள் ஒற்றைக்கால் தாங்கியில் நிற்கும். எறும்பு ஏறாமல் இருக்க அடியில் தண்ணீர்க் கிண்ணம். வடிவமைப்பில் முனைவர் படிப்புக்குச் சேர்ந்திருக்கிறேன், தேன்பெட்டியைத்தான் எடுத்திருக்கிறேன் என்று சொன்னபோது சித்தப்பா கையில் தூக்கிய, தேனடை கட்டிய மரச்சட்டத்தைத் திரும்பப் பெட்டிக்குள் இறக்கிவிட்டுக் கேட்டார்: "என்ன மக்கா, பெட்டி செய்யதுக்கும் டாக்டர் பட்டம் குடுப்பினுமா?"

கேலி இல்லை. அவருக்கு நிஜமாகவே விளங்கவில்லை. பெட்டி செய்கிறவர் ஆசாரி, தேனீயை ஆராய்கிறவர் வேளாண் கல்லூரிக்காரர், இதில் நீ எந்தப் பக்கம் என்பதுதான் அவர் கேள்வி. அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பினேன். உலகமெங்கும் வடிவமைப்புக் கல்லூரிகளில் அரை நூற்றாண்டாக இதே கேள்வியைத்தான் கொஞ்சம் கனமான சொற்களில் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்: ஒரு பொருளை வடிவமைக்கும் வேலையே ஆராய்ச்சி ஆகுமா? மழுப்பியதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

முதலில் இரண்டு சொற்களைச் சரிபார்த்துக்கொள்வோம். நம் பேச்சில் டிசைன் என்றால் சேலைக் கரையில் இருப்பது. "புது டிசைன் வந்திருக்கா?" என்று கடையில் கேட்போம். வடிவமைப்பாளர்கள் சொல்லும் டிசைன் அதைவிட அகலமானது. ஒரு பொருளோ இடமோ எப்படி இருந்தால் ஆட்களுக்கு உதவும் என்று யோசித்து, வரைந்து, செய்து பார்த்து, திருத்தி, மறுபடி செய்யும் வேலை மொத்தமும் அதில் அடங்கும். பஸ்ஸின் முதல் படி தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதும் டிசைன்தான். (நம் பஸ்களில் ஏறும் பாட்டிமாரைப் பார்த்தால் யாரும் உட்கார்ந்து முடிவு செய்ததாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம்.) ஆராய்ச்சி என்ற சொல்லும் இதே மாதிரி சுருங்கிப்போயிருக்கிறது. அதைக் கேட்டவுடன் வெள்ளைக் கோட்டும் சோதனைக் குழாயும் கண்ணில் வந்துவிடுகின்றன. வரலாற்றுக்காரர் கல்வெட்டு படிப்பதும் ஆராய்ச்சிதான் என்பதை ஒரு நொடி கழித்துத்தான் நினைத்துக்கொள்கிறோம்.

இனி தேனீ. எனக்குத் தெரிந்த உதாரணங்களில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

மனிதர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாகத் தேன் எடுக்கிறார்கள். மரப்பொந்திலிருந்து, மண்பானையிலிருந்து, ஐரோப்பாவில் வைக்கோல் கூடையிலிருந்து. எங்கே எடுத்தாலும் அடையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அறுத்தால் கூடு பாழ். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜெனிவாவில் பிரான்சுவா ஹூபர் என்பவர் இருந்தார், பார்வை இழந்தவர். உதவியாளரின் கண்களைக் கொண்டு தேனீக்களை ஆராய்ந்தார். அதற்காகப் புத்தகத் தாள்களைப்போல ஒவ்வொரு அடையாக விரித்துப் பார்க்கும்படி ஒரு பெட்டி செய்துகொண்டார். ராணித் தேனீ கூட்டுக்கு வெளியே, பறந்துகொண்டே இணைசேர்கிறது என்பதை நிறுவியவர் அவர்தான். இங்கே பெட்டி ஒரு கருவி. நுண்ணோக்கி எப்படியோ அப்படி. கேள்வி தேனீயைப் பற்றியது, பெட்டி அதற்குத் துணை நின்றது.

அடுத்த ஆள் லாங்ஸ்ட்ராத். அமெரிக்காவில் பிலடெல்பியாவில் இருந்த பாதிரியார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு நல்ல பெட்டி, அவ்வளவுதான். அப்போதைய பெட்டிகளில் மூடியைத் தேனீக்கள் பிசினால் ஒட்டிவிடும், அடைகளைப் பக்கச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிடும். மூடி ஒட்டாமல் இருக்க, மூடிக்கும் கீழே இருந்த கட்டைகளுக்கும் நடுவே அங்குலத்தில் எட்டில் மூன்று பங்கு, அதாவது 9.5 மில்லிமீட்டர் அளவுக்கு இடம் விட்டுப் பார்த்தார். அந்த இடத்தைத் தேனீக்கள் தொடவே இல்லை. ஒட்டவும் இல்லை, அடை கட்டவும் இல்லை, நடைபாதையாக வைத்துக்கொண்டன. 1851 இலையுதிர் காலத்தில் அவருக்குப் பொறி தட்டியது: இதே இடைவெளியைச் சட்டத்தின் நாலு பக்கமும் விட்டால்? சட்டம் சுவரோடு ஒட்டாது. எப்போது வேண்டுமானாலும் உருவலாம், பார்க்கலாம், திரும்ப வைக்கலாம். 1852-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அதனால் அவருக்குப் பெரிதாகக் காசு சேரவில்லை, ஆளாளுக்கு எடுத்துச் செய்தார்கள். 1853-ல் எல்லாவற்றையும் விளக்கி ஒரு புத்தகமும் எழுதினார். இன்று உலகமெங்கும் தேன்பெட்டிகள் அந்த இடைவெளியை நம்பித்தான் செய்யப்படுகின்றன. அதற்குத் தேனீ இடைவெளி என்று பெயர். ஐரோப்பியத் தேனீக்கு ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர். அதற்குக் குறைந்தால் அடைத்துவிடும், கூடினால் அடை கட்டிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். தேனீ இந்தக் கணக்கை லாங்ஸ்ட்ராத்துக்காகப் போட்டுக்கொள்ளவில்லை. மனிதன் தேன் திருடத் தொடங்குவதற்கு முன்பே அது அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. ஆனாலும் கூர்ந்து பார்த்த பலருக்கும் இது ஒரு விதியாகப் படவில்லை. ஏன்? மரப்பொந்துக்கு மூடி கிடையாது. உருவ வேண்டிய சட்டமும் கிடையாது. கழற்றி மாட்டும் பொருள் ஒன்றைச் செய்யப் போகிறவனுக்குத்தான் "எவ்வளவு இடம் விட்டால் ஒட்டாது?" என்ற கேள்வி வரும். கேள்வியே செய்கையிலிருந்து பிறக்கிறது. பதிலும் இன்னொரு பெட்டியைச் செய்து பார்த்தால்தான் கிடைக்கிறது. வடிவமைப்பு வழியான ஆராய்ச்சி என்று இன்று சொல்வது ஏறக்குறைய இதைத்தான்.

நம் ஊர்க் கதையும் இதன் தொடர்ச்சியே. லாங்ஸ்ட்ராத்தின் பெட்டி ஐரோப்பியத் தேனீக்கு ஆனது. இந்தியத் தேனீ அதைவிடச் சிறியது, அதன் கூட்டமும் சிறியது, அத்தனை பெரிய பெட்டியில் அது தடுமாறும். 1910களில் தென்னிந்தியாவில் இருந்த நியூட்டன் என்ற பாதிரியார் நம் தேனீக்கு ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். இன்றைக்கும் நியூட்டன் பெட்டி என்றுதான் பெயர். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. கிராம முன்னேற்ற வேலையைத் தொடங்கியபோது தேனீ வளர்ப்பையும் கையில் எடுத்தது, அப்படித்தான் எங்கள் பக்கத்து விளைகளுக்குப் பெட்டி பரவியது. இடைவெளியும் மாறியது, நம் தேனீக்கு 7, 8 மில்லிமீட்டர். இன்னொரு வேடிக்கை: ஐரோப்பியத் தேனீயைப்போல இந்தியத் தேனீ பிசின் சேகரிப்பதில்லை, மெழுகை வைத்தே சமாளிக்கிறது. ஓரிடத்தில் செய்து கண்ட அறிவு இன்னோரிடத்துக்கு அப்படியே வராது, அங்கேயும் ஒருவர் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த விடுமுறையில் நானே ஒரு பெட்டி அடித்தேன். கை நுழைய வசதியாக இருக்கட்டும் என்று சட்டத்துக்கும் பலகைக்கும் நடுவே தாராளமாக ஒரு விரல் இடம் விட்டேன். இரண்டு மாதம் கழித்துத் திறந்தால் அந்த இடம் பூராவும் குறுக்கும் நெடுக்குமாக அடை. சட்டத்தைப் பிடித்து இழுத்ததில் அடை கிழிந்து தேன் ஒழுகியது. தேனீக்கள் என்னைச் சும்மா விடவில்லை. மூன்று நாள் ஒரு கண்ணால்தான் உலகத்தைப் பார்த்தேன். ஆசாரி வந்து பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து இடுக்கில் விட்டுக் காட்டினார். "ஒரு பென்சிலு ஓடணும். ரெண்டு பென்சிலு ஓடப்பிடாது, கேட்டியா?" பிறகு ஒரு நாள் வெர்னியர் வைத்து அந்தப் பென்சிலை அளந்து பார்த்தேன். 7 மில்லிமீட்டரும் சொச்சமும்.

ஆக மூன்று பேர் பெட்டி செய்திருக்கிறோம். லாங்ஸ்ட்ராத், ஆசாரி, நான். யார் செய்தது ஆராய்ச்சி?

நான் செய்தது நிச்சயமாக இல்லை. எனக்குக் கேள்வி ஒன்றும் இருக்கவில்லை, நடந்ததைக் குறித்தும் வைக்கவில்லை. ஆசாரியிடம் அறிவு இருக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். என்னைவிட, பல ஆய்வேடுகளைவிட உறுதியான அறிவு. ஆனால் அது அவர் கையிலும் அந்தப் பென்சிலிலும் இருக்கிறது. அவர் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் கிடைக்கும், மற்றவர்களுக்குக் கிடைக்காது. லாங்ஸ்ட்ராத்தோ எதைக் கண்டேன், எப்படிக் கண்டேன், எங்கே பொருந்தும் என்று எழுதி வைத்தார். கடல் கடந்து இருக்கிறவரும் படித்துச் செய்து பார்க்கலாம். தப்பென்றால் தப்பு என்றும் சொல்லலாம்.

இந்த வேறுபாட்டுக்குக் கூர்மையான சொற்களைத் தந்தவர் புரூஸ் ஆர்ச்சர். லண்டன் ராயல் கலைக் கல்லூரியில் இருந்தவர். 1960களில் பிரிட்டன் மருத்துவமனைகளுக்கான புதுக் கட்டில் ஒன்றை வடிவமைக்கும் திட்டத்தை நடத்தியவர் என்பதால் கையில் அழுக்குப்படாமல் பேசும் ஆள் இல்லை. ஆராய்ச்சி என்பது முறையான தேடல், அதன் குறி பிறரிடம் எடுத்துச் சொல்லத்தக்க அறிவு என்றார் அவர். தொழில்முறை வடிவமைப்பு வேலையும் இந்த இரண்டையும் நிறைவேற்றினால் ஆராய்ச்சிதான், நிறைவேற்றாவிட்டால் நல்ல வேலை, அத்துடன் சரி. பல்கலைக்கழகங்களின் ஆராய்ச்சித் தரத்தை அளக்க பிரிட்டன் தன் 2014 மதிப்பீட்டுக்கு வகுத்த விதிகளும் இதையொட்டியே போகின்றன. புதிய தெளிவுக்கு இட்டுச்செல்லும் தேடல், அந்தத் தெளிவு பிறரோடு ஒழுங்காகப் பகிரப்பட்டிருக்க வேண்டும், அதுதான் ஆராய்ச்சி என்கின்றன அவை. வடிவமைத்த பொருளையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கின்றன, வழக்கமான சோதனை வேலைகளைச் சேர்க்கக் கூடாது என்றும்.

இந்தத் துறையில் புதிதாக நுழைகிறவர் தடுக்கி விழுவது பெரும்பாலும் கிறிஸ்டஃபர் ஃப்ரேலிங்கின் பாகுபாட்டில். அவரும் அதே கல்லூரிக்காரர். 1993-ல் எழுதிய ஒரு சிறு கட்டுரையில் மூன்று ஆங்கில முன்னிடைச் சொற்களை வைத்து ஆராய்ச்சியை மூன்றாகப் பிரித்தார். தமிழில் பற்றி, வழியாக, ஆக என்று வைத்துக்கொள்ளலாம். தேன்பெட்டியைப் பற்றி ஆராய்வது என்றால், குமரி மாவட்டத்தில் மண்பானை போய்ப் பெட்டி எப்போது வந்தது, யார் வாங்கினார்கள், யாருக்குக் கட்டுப்படியாகவில்லை என்று தேடுவது. இது வரலாறு, சமூகவியல். பெட்டி செய்யத் தெரியாதவரும் செய்யலாம். பெட்டியின் வழியாக ஆராய்வது லாங்ஸ்ட்ராத் செய்தது. செய்து பார்ப்பதே தேடும் முறை, கூடவே என்ன செய்தோம், என்ன நடந்தது என்று நாட்குறிப்பும் இருக்க வேண்டும். பெட்டிக்காக ஆராய்வது என்றால், பெட்டி செய்வதற்கு வேண்டிய தகவல்களைச் சேர்ப்பது. எந்த மரம் வெடிக்காது, பழைய பெட்டிகள் எப்படி இருந்தன என்று பார்ப்பது. முடிவில் கையில் இருப்பது ஒரு பெட்டி, கண்டறிந்த எல்லாமே அதற்குள் அடக்கம்.

கடைசி வகைதான் சிக்கலானது என்று ஃப்ரேலிங்கே ஒத்துக்கொண்டார். சிந்தனை முழுவதும் பொருளுக்குள் இருக்கிறது, சொல்லில் எதுவும் இல்லை என்றால் அதை ஆராய்ச்சி என்று அழைக்கலாமா? சிலர் அடித்துச் சொல்வார்கள்: பொருளே பேசும், அதற்கு விளக்கம் எதற்கு? எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ஒரு நல்ல தேன்பெட்டியை அருங்காட்சியகத்தில் வையுங்கள். அதில் ஒரு பென்சில் இடைவெளி இருக்கும். ஆனால் ஒரு விரல் இடைவெளி விட்டு ஒருவன் முகம் வீங்கிய கதை அதில் இருக்காது. அந்த இடைவெளி அளந்து வைத்ததா தற்செயலா என்பதும் தெரியாது. தோற்ற பெட்டிகள் அடுப்புக்குப் போய்விடுகின்றன. தேடல் எங்கே நடந்ததோ அந்த இடம் அழிந்து, முடிவு மட்டும் மிஞ்சுகிறது. அந்த வேலையை முன்பே அறிந்தவரிடம் மட்டும்தான் பொருள் பேசும்.

களியக்காவிளை தாண்டி பஸ் ஏறினால் திருவனந்தபுரம். இந்த விஷயத்துக்கு இன்னொரு சாட்சி அங்கே இருந்தார், கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். 1917-ல் பர்மிங்காமில் பிறந்து 2007-ல் திருவனந்தபுரத்தில் காலமானார். உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் அவர் கட்டியது. (உள்ளூர் என்பது அங்கே ஓர் இடத்தின் பெயர், குழம்ப வேண்டாம்.) செங்கல்லைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு முறையை அவர் இங்கே பரவலாக்கினார். ஒன்பது அங்குலச் சுவருக்கு ஏறத்தாழ 25 சதவீதம் செங்கல் மிச்சம். உள்ளே அடைபட்ட காற்று வெயிலையும் கொஞ்சம் தடுக்கும். கான்கிரீட் கூரையில் இன்னொரு வேலை செய்தார். கூரைத் தளத்தின் கீழ்ப்பகுதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட்டுக்குப் பெரிய வேலை இல்லை. அப்படியானால் அந்த இடத்தை நிரப்பப் பழைய ஓடு போதாதா?

எலிப்பொறிக் கட்டு அவர் கண்டுபிடிப்பு இல்லை, இங்கிலாந்தில் முன்பே இருந்ததுதான். ஆனால் இந்த ஊர்ச் செங்கல், இந்த ஊர்க் கொத்தனார், இந்த ஊர் மழை ஆகியவற்றோடு வைத்துக் கட்டிக் கட்டித் திருத்தினார். அதைவிட முக்கியமாக, கண்டதைத் தன் கையெழுத்திலேயே, தானே வரைந்த படங்களோடு சின்னச் சின்னப் புத்தகங்களாகப் போட்டார். வீடு கட்ட நினைக்கும் சாதாரண ஆளுக்குப் புரியும் மொழி. எதைச் செய்யாதே, ஏன் செய்யாதே என்பதும் அவற்றில் இருக்கும். அவர் கட்டிய வீடுகள் மட்டும் மிஞ்சியிருந்தால் பேக்கர் பாணி என்று ஒன்று இருந்திருக்கும், பார்த்துப் போலச் செய்திருப்பார்கள். அந்தப் புத்தகங்களால்தான் பேக்கரோடு வாதம் செய்ய முடிகிறது. ஆர்ச்சர் சொன்ன எடுத்துச் சொல்லத்தக்க அறிவு இப்படியும் இருக்கலாம், மேற்கோளும் அடிக்குறிப்பும் கொண்ட ஆய்வேடாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை.

விஞ்ஞானப் படிப்பிலிருந்து வருகிறவர்கள் இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வைப்பார்கள். அதே சோதனையை வேறொருவர் செய்தால் அதே முடிவு வர வேண்டும் அல்லவா? இரண்டு வடிவமைப்பாளர்களிடம் ஒரே பிரச்சினையைக் கொடுத்தால் இரண்டு பெட்டிதானே வரும்? வரும். வடிவமைப்பு வழியான ஆராய்ச்சியிலிருந்து எப்படிப்பட்ட கோட்பாடு கிடைக்கும் என்று 2012-ல் பில் கேவர் என்ற வடிவமைப்பு ஆராய்ச்சியாளர் யோசித்தார். அது தற்காலிகமானது, அந்தந்தச் சூழலைச் சார்ந்தது என்று அவரே சொல்கிறார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பது அவர் கட்சி. என் கணக்கு கொஞ்சம் குறைவான ஆசை: முடிவு ஒன்றாக வராவிட்டாலும், நான் வந்த வழியை இன்னொருவர் குறிப்பைப் பார்த்து நடந்து வரக்கூடியதாக இருக்க வேண்டும். எங்கே திரும்பினேன், ஏன் திரும்பினேன் என்பதாவது தெரிய வேண்டும்.

எல்லாக் கேள்விக்கும் செய்து பார்ப்பது விடை ஆகாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவின் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. சித்தப்பா இன்றும் அந்த வருஷங்களைப் பற்றிப் பேசமாட்டார். எத்தனை அழகான பெட்டி செய்திருந்தாலும் அந்தக் கிருமியை யாரும் கண்டுபிடித்திருக்க முடியாது. அதற்குச் சோதனைக்கூடம்தான் வேண்டும்.

அதேபோல வடிவமைப்பு வேலையில் பெரும்பங்கு ஆராய்ச்சி அல்ல. கல்யாணப் பத்திரிகை வடிவமைப்பவர் ஆராய்ச்சி செய்யவில்லை, நல்ல பத்திரிகை செய்கிறார். நோயாளிக்கு மருந்து எழுதும் டாக்டரை யாரும் ஆராய்ச்சியாளர் என்று சொல்வதில்லை, அதனால் அவர் மதிப்பும் குறைவதில்லை. வடிவமைப்புத் துறையில் சிலருக்கு மட்டும் எல்லாவற்றையும் ஆராய்ச்சி என்று அழைத்தாக வேண்டும் என்று ஒரு தாகம். பட்டமும் நிதியும் அந்தச் சொல்லைச் சுற்றி இருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

என் வேலைக்கு வருகிறேன். ரப்பர் மரம் மார்கழி தையில் இலை உதிர்க்கும். அதன்பின் வரும் துளிர் இலைக் காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்புதான் எங்கள் ஊர்த் தேனுக்கு மூலம், பூ அல்ல. சிக்கல் என்னவென்றால், தேன் பருவத்துக்குச் சற்று முன்னால் விளையில் நிழலே இருக்காது. பெட்டி மேல் நேரடியாக வெயில் விழும். புழுக்கள் இருக்கும் அறையைத் தேனீக்கள் 33 முதல் 36 டிகிரிக்குள் வைத்திருந்தாக வேண்டும், சூடு ஏறினால் வாசலில் நின்று சிறகால் விசிறும். தேன் சேர்க்கப் போக வேண்டியவை விசிறிக்கொண்டு நிற்கின்றன. பேக்கரின் சுவரை நினைத்துக்கொண்டு, நடுவே காற்று அடைபடும் இரட்டை மூடி ஒன்றை ஆசாரியிடம் செய்யச் சொன்னேன். பக்கத்தில் ஒற்றைப் பலகை மூடி போட்ட பெட்டி, இன்னொன்றில் பழைய ஓடு. தினமும் மத்தியானம் வாசலில் விசிறும் தேனீக்களை எண்ணி நோட்டில் எழுதுவேன்.

மூன்றாம் வாரம் இரட்டை மூடியைத் தூக்கினால் கனத்தது. கீழ்ப்பலகையின் மூட்டில் ஒரு கீறல், அதன் வழியே புகுந்து, காற்றுக்காக நான் விட்ட இடத்தில் தேனீக்கள் அடை கட்டிவைத்திருந்தன. மறுபடியும் அதே விரலளவு இடைவெளி, அதே தப்பு. ஆனால் இந்த முறை அதிலிருந்து ஒரு கேள்வி வந்தது. காற்றுக்கு விடும் இடமும் ஒரு பென்சில் அளவே இருந்தால் தேனீ அதைத் தொடாது. அந்த மெல்லிய காற்று வெயிலைத் தடுக்கப் போதுமா? பேக்கரின் சுவருக்குள் தேனீ இல்லை, அதனால் அவருக்கு இந்தக் கேள்வி வந்திருக்காது. தேனீப் பெட்டி செய்தவர்களுக்கு மூடியில் காற்று வேண்டும் என்ற கவலை இல்லாதிருந்தால் அவர்களுக்கும் வந்திருக்காது.

ஆசாரியிடம் சொன்னேன். பென்சிலை எடுத்துப் பலகை மேல் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒரு பென்சிலு விட்டு ரெண்டு தட்டா அடிப்போம்" என்றார். ஒரே பெரிய இடைவெளிக்குப் பதில், ஒரு பென்சில் இடைவெளி இரண்டு, ஒன்றன் மேல் ஒன்று. எனக்குத் தோன்றாதது. தேதி போட்டு, அவர் பெயர் போட்டு, அவர் சொன்னபடியே நோட்டில் எழுதினேன். என்னத்துக்கு எழுதுகிறாய் என்று கேட்டார். ஆய்வேட்டில் இது உங்கள் யோசனை என்று வர வேண்டும் என்றேன். இனிஷியலைத் திருத்திக் கொடுத்தார்.

புது மூடிகள் இப்போது இரண்டு பெட்டிகள் மேல் இருக்கின்றன. மாசியில், சித்தியின் மலையாளக் கணக்கில் கும்ப மாசத்தில், திறந்து பார்க்க வேண்டும்.